"பால் பத்தலை" என்று வந்த தாய்: வலங்கைமானிலிருந்து மன்னார்குடிக்கு வேலைக்குப் போன ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். மருமகள் தோளில் குழந்தை, பின்னால் மாமியார், மாமியார் கையில் ஒயர் கூடை. கூடைக்குள் பால்பவுடர் டப்பா, பாட்டில், வெந்நீர் பிளாஸ்க். நான் நாற்காலியைக் காட்டுவதற்குள் மாமியார் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சிஸ்டர், இவளுக்குப் பால் பத்தலை. வத்திப்போச்சு. எந்தப் பவுடர் நல்லதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நாங்க கெளம்பிடுவோம். எட்டு மணிக்கு மேல பஸ்ஸு இல்ல."

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது தாய்மார்களுக்குப் பால் கொடுப்பதில் உதவுவதையே வேலையாக வைத்திருக்கிறேன். அதனால் "பால் பத்தலை" என்ற பேச்சைக் கேட்காத வாரம் கிடையாது. அது நோயின் பெயர் இல்லை, வீட்டார் கொடுத்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்று தேடுவதுதான் என் வேலை. இந்தத் தாயின் கதையை முழுதாக எழுதக் காரணம், இதில் நான் செய்த பிழையும் இருக்கிறது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 27. தலைப்பிரசவம், பெண் குழந்தை, பிறந்தபோது 2.8 கிலோ. பிறந்தது பிப்ரவரி முதல் வாரத்தில். மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்திருக்கிறார். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு என்று அம்மா பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். குழந்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை குடித்திருக்கிறது. தடுப்பூசிக்குப் போனபோதெல்லாம் எடை சரியாக ஏறியிருக்கிறது. மே மாதம் புகுந்த வீட்டுக்கு, வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தார். கணவர் சிங்கப்பூரில். ஜூன் இரண்டாம் வாரம் மன்னார்குடியில் ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் பழைய வேலையில் மறுபடி சேர்ந்தார்.

சேருவதற்கு முந்தைய வாரம் அங்கன்வாடியில் குழந்தையின் எடை 6.2 கிலோ. என் தராசில் 6.25. நடுவில் மூன்று வாரம் ஓடியிருக்கிறது. இரண்டு தராசுக்கும் நூறு கிராம் வித்தியாசம் இருக்கலாம், அதற்காக யாரையும் பயமுறுத்தக் கூடாது. ஆனாலும் இந்த வயதில் வாரத்துக்கு நூறு கிராமாவது ஏறியிருக்க வேண்டிய குழந்தை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

தாய்க்கு 101 டிகிரி ஜுரம். வலது மார்பின் வெளிப்பக்கம் ஒரு பங்கு சிவந்து, தொட்டால் சுட்டது. "பால் கட்டிக்கிச்சு சிஸ்டர், வெள்ளிக்கிழமையிலேருந்து" என்றார். ரவிக்கைக்குள் ஒரு முழம் மல்லிகைப்பூ வாடிக் கிடந்தது. அலுவலகத்தில் யாரோ வலிக்கு வைக்கச் சொன்னார்களாம்.

இந்தப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டும் வழக்கம் வெறும் மூடநம்பிக்கை இல்லை. வேலூர் மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பால் வற்றுவதற்காகக் கொடுக்கும் மாத்திரையோடு இந்தப் பூவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூவும் பாலைக் குறைத்தது. ஆக, பாட்டிகள் சொன்னது சரிதான். குழந்தை இறந்து பிறந்த தாய்க்கு, பாலை நிறுத்தியே ஆக வேண்டிய தாய்க்கு அது வைத்தியம். பால் வேண்டும் என்று தவிக்கிறவளுக்கு அதையே கட்டினால்? சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். "பால் கட்டிக்கொண்டால் பூ வைப்பார்கள்" என்பது நினைவில் இருந்திருக்கிறது, எதற்காக வைப்பார்கள் என்பது மறந்துபோயிருக்கிறது. முதலில் பூவை எடுக்கச் சொன்னேன்.

பவுடர் டப்பாவைத் திறந்து, எப்படிக் கலக்குகிறீர்கள் என்று மாமியாரிடம் கேட்டேன். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். இவர் அரைப் பாட்டில் தண்ணீருக்கு ஒரு கரண்டி போட்டிருக்கிறார். "கெட்டியாக் குடுத்தா சூடு பிடிச்சுக்கும்மா. டப்பா விலையும் என்னா விலை!" எடை ஏன் நின்றது என்பதற்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. குழந்தைக்கு வயிறு நிறைந்தது, உடம்புக்கு ஒன்றும் சேரவில்லை.

மீதிப் பாதிப் பதில் கடிகாரத்தில் இருந்தது.

அவருடைய ஒரு நாள்

காலை ஏழரைக்குக் கடைசியாகப் பால் கொடுத்துவிட்டு ஓடிப் போய் பஸ் ஏறுவார். கும்பகோணம் – மன்னார்குடி பஸ், நீடாமங்கலம் வழி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்னார்குடிக்குத் திரும்பும் ரயிலுக்கு அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், கூட்ஸ் வண்டி வேறு, கேட் விழுந்தால் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதரைக்குக் கிளை. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினாலும் நகையை எண்ணி, பூட்டி, கையெழுத்துப் போட்டுக் கிளம்ப ஆறே கால் ஆகிவிடும். கேட் திறந்திருந்தால் ஏழரைக்கு வீடு. ஆகக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம்.

அந்த ஆண்டு மேட்டூரை வழக்கமான ஜூன் 12க்குக் காத்திருக்காமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். தண்ணீர் வருகிறது என்றதும் குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று ஊரே நகையைத் தூக்கிக்கொண்டு வந்தது. இவர் வேலைக்குத் திரும்பியது அந்தக் கூட்டத்துக்கு நடுவில். முதல் வாரம் பகலில் இரண்டு முறை மாடிப்படி ஓரத்துக் கழிப்பறைக்குப் போய் வாஷ்பேசினில் பீய்ச்சி விட்டிருக்கிறார். யூனிபார்ம் வெளிர் நீலச் சுடிதார், நனைந்தால் எதிரில் நிற்பவருக்குத் தெரியும். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது வாரம் டோக்கன் வரிசை வாசலைத் தாண்டியது, எழுந்திருக்கவே முடியவில்லை. மார்பு கல்லாகி, அப்புறம் மெல்ல மெல்ல இளகியது. "வெள்ளிக்கிழமை சாயந்தரம் பாத்தா நனையவே இல்ல சிஸ்டர். அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போனா குழந்தை இழுத்து இழுத்துப் பாத்துட்டு அழுவுது."

இரவிலும் ஒன்று நடந்தது. மருமகள் அலுத்துப்போய் வருகிறாளே, தூங்கட்டும் என்று மாமியார் குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு பாட்டில் கொடுத்திருக்கிறார். கரிசனம்தான். ஆனால் பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். பகலில் போனது போதாதென்று இரவுப் பாலும் போய்விட்டது. பத்து தடவை என்றிருந்தது நான்கு தடவையானது.

வீட்டில் எல்லோரும் மார்பை மேட்டூர் அணை மாதிரி நினைத்திருந்தார்கள். பகல் முழுக்கத் தேங்கட்டும், சாயங்காலம் வந்து திறந்துவிட்டால் போதும் என்று. அது அணை இல்லை, கோடையில் ஆற்று மணலில் தோண்டுகிற ஊற்று. இறைத்தால்தான் ஊறும். பால் உள்ளேயே தங்கினால் அந்தப் பாலில் இருக்கிற ஒரு பொருளே சுரப்பைக் குறைக்கச் சொல்லிவிடும். உடம்பு கணக்குப் போடுவதில் கெட்டி: எடுக்க ஆளில்லை, எதற்குச் செய்ய வேண்டும்? இந்தத் தாயின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. சொன்னதைக் கேட்கிற உடம்பு அது.

டிசம்பரில் விட்ட கணக்கு

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று ஆக்கினார்கள். அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். இவர் அந்த எட்டு வாரத்தையும் முன்னாலேயே எடுத்துவிட்டார். காரணம் நியாயமானது. டிசம்பர் மழை, குழி விழுந்த ரோடு, நிறைமாத வயிற்றோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும். சரி. ஆனால் 26இல் 8 போனால் 18. குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு வேலை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாத் தாய்க்கும் சொல்லி அனுப்புவது என்ன? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் என்பது 26 வாரம். சட்டத்தில் இருப்பதும் 26 வாரம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் எல்லாம் பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிரசவத்துக்கு முன்னால் எடுத்த ஒவ்வொரு வாரமும் பின்னால் ஒரு வாரத்தைத் தின்றுவிடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஏழாம் மாதம் ஒரு வகுப்பில் அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். குழந்தையை மார்பில் வைக்கும் முறை, சீம்பாலின் அருமை, பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற சேனை கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். "வேலைக்குப் போறீங்களா, எப்போ திரும்பணும்?" என்று கேட்கவில்லை. என் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. கேட்டிருந்தால், நான்கு வாரமாவது முன்னால் எடுப்பதைக் குறைக்க முடியுமா, ஊதியமில்லா விடுப்பை எங்கே சேர்க்கலாம் என்று டிசம்பரிலேயே பேசியிருக்கலாம்.

அவருடைய நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், ஒருவருக்கு 12 மாதம், இன்னொருவருக்கு நாலு மாதம். "அவ குடுக்கலையா, உனக்கு மட்டும் ஏன் வத்துது?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு இவரை ஜுரத்தைவிட அதிகமாக வாட்டியிருந்தது.

செய்தது

அன்றே மருத்துவரிடம் காட்டி, பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம். வலது பக்கம் கொடுக்காதே என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். தொற்று இருக்கும் பக்கத்துப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. தேங்கவிட்டால்தான் சீழ் கட்டும் ஆபத்து. கொடுக்கச் சொன்னேன், வீக்கத்துக்குக் குளிர்ந்த ஒத்தடம். பவுடரை உடனே நிறுத்தவில்லை. எடை ஏறாத குழந்தையிடம் கொள்கை பேச முடியாது. சரியான அளவில் கலந்து, பாட்டிலுக்குப் பதிலாகப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுக்கச் சொன்னேன். மாமியார் முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம். "பாலாடையா? என் புள்ளைங்க மூணும் அதுலதான் வளந்துச்சு. இப்பத்தான் யாரும் வைக்கிறதில்லன்னு பரண்ல போட்டுட்டேன்."

நாலு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். அந்த நாலு நாளும் வேறு வேலையே கிடையாது. குழந்தையை உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கொரு தரம், இரவு உட்பட. இரண்டாம் நாள் ஜுரம் விட்டது. ஐந்தாம் நாள் எண்ணிக்கை மறுபடி பத்தானது. வற்றிப்போனது என்றார்களே, அது ஐந்து நாளில் திரும்பி வந்துவிட்டது. இது எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் நடக்காது. வற்றி மூன்று வாரம்கூட ஆகாததால் நடந்தது.

அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி: பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு முறையாவது பாலை எடுத்தாக வேண்டும். எங்கே?

நகைக்கடன் கிளையைப் பார்த்திருப்பீர்கள். கவுண்டர் மேல் கேமரா, மதிப்பீட்டாளர் தராசு மேல் கேமரா, பெட்டக அறை வாசலில் இரண்டு, சாப்பிடுகிற மேசைக்கு நேராக ஒன்று. ஒரு கிராம் தங்கம்கூட கண்ணில் படாமல் நகர முடியாதபடி கட்டிய இடம் அது. கேமரா இல்லாத ஒரே இடம் அந்தக் கழிப்பறை. குழந்தையின் சாப்பாட்டைக் கழிப்பறையில் வைத்து எடுக்க முடியாது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். இவருடைய கிளையில் ஆறு பேர். ஊர் ஊராகக் கிளை விரித்திருக்கிற நிறுவனத்தில் ஐம்பது என்ற எண் ஒரு கூரைக்குக் கீழே வருவதே இல்லை. வேலையின் தன்மை இடம் கொடுத்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நகையை வீட்டில் வைத்து எடை போட முடியுமா? ஆனால் 11ஆம் பிரிவு என்று ஒன்று அந்தச் சட்டத்தில் 1961லிருந்தே இருந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுப்பதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை. அதற்கு ஐம்பது பேர் கணக்கு கிடையாது. இந்தச் சலுகைகளை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் 2017 திருத்தம் சொன்னது. இவருக்கு அப்படி ஒரு தாள் வந்ததே இல்லை.

ஒரு பக்கத்துக்குத் தமிழில் கடிதம் எழுதினோம். கோபம் இல்லாத கடிதம். காலை 11.15, மாலை 3.15, தலா இருபது நிமிடம், அந்த நேரத்தில் கவுண்டரைப் பார்க்கச் சம்மதித்த சக ஊழியர், பதிலுக்கு அவருடைய சாப்பாட்டு நேரத்தை இவர் பார்ப்பது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். மேலாளர் முப்பதைத் தாண்டாத பையன். படித்துவிட்டுக் காது சிவந்து, "இப்படி ஒண்ணு சட்டத்துல இருக்கா மேடம்?" என்று இவரிடமே கேட்டிருக்கிறார். இடைவேளைக்கு அப்போதே சரி என்றார். இடம் கொடுக்க மட்டும் மண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். பதில் வர பதினொரு நாள் ஆனது.

அந்தப் பதினொரு நாளைக் காப்பாற்றியது பக்கத்துக் கட்டடத்தில் ரவிக்கை தைக்கிற அம்மா. அவரிடம் அளவு பார்க்க ஒரு மூலையும், அதற்கு ஒரு திரையும், உள்ளே ஒரு முக்காலியும், கண்ணாடியும் இருந்தன. இவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "அந்த மூலை சும்மாத்தானே கெடக்கு, வாம்மா. உள்ள இருக்கறப்ப யாரையும் விடமாட்டேன்" என்றார். வாடகை கேட்கவில்லை. கிளையில் வேலை செய்கிற மூன்று பெண்களின் தீபாவளி ரவிக்கைகள் அந்த ஆண்டு அங்கேதான் தைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

மண்டல அலுவலகம் கடைசியில் யூபிஎஸ் பேட்டரி இருக்கும் அறையை ஒதுக்கியது. நான்கு பேட்டரி ஓயாமல் சுடுகிற, ஜன்னல் இல்லாத அறை. இரண்டு நாள் முயன்றார். பதினைந்து நிமிடம் உட்கார்ந்தும் பத்து மில்லி வரவில்லை. யாராவது கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தில் பால் இறங்காது. பாலை வெளியே தள்ளுகிற ஆக்ஸிடோசின் பதற்றத்தில் அடங்கிப்போகும். மறுபடி தையல் கடைக்கே போனார். அங்கே போய் உட்கார்ந்ததும் மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குழந்தையின் சத்தத்தைக் கேட்பார். சிரிப்பைவிட அழுகைக்குத்தான் சீக்கிரம் இறங்கியதாம்.

கையால் பீய்ச்சக் கற்றுக் கொடுத்தேன். பம்ப் ஒன்று மெடிக்கலில் வாங்கியிருந்தார், அதைவிடக் கையில்தான் அவருக்கு நன்றாக வந்தது. முதல் நாள் இரண்டு தடவையும் சேர்த்து 40 மில்லி. அதைப் பார்த்து அழுதார். இரண்டு வாரத்தில் 180, 200 என்று ஏறியது.

பிரிட்ஜில் நின்ற இரண்டு அடுக்குப் பால்

வெயில்தான் அடுத்த பிரச்சினை. அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் பீய்ச்சிய பாலை நாலு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்பார்கள். ஜூலை மாத மன்னார்குடியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? 11.15க்கு எடுத்த பால் வீடு சேர எட்டு மணி நேரம் ஆகும். அகல வாய் ஸ்டீல் பிளாஸ்க்கில் பாதிக்கு ஐஸ், அதற்குள் இறுக்கி மூடிய சின்ன டப்பா. பனிக்கட்டியோடு இருந்தால் 24 மணி நேரம் தாங்கும். ஐஸ் காலையில் வீட்டு பிரிட்ஜிலிருந்து. மூன்று மணிக்குக் கரைந்திருந்தால் எதிர் ஜூஸ் கடையில் இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ், நாலு நாள் வரை தாங்கும், மறுநாள் பகலுக்கு அதுதான்.

மூன்றாவது நாள் போன் வந்தது. அழுகை. மாமியார் பாலைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்.

நேரில் போனேன். மாமியார் என்னைப் பார்த்ததும், "நீங்களே சொல்லுங்க சிஸ்டர், மேல மஞ்சளா ஒண்ணு, கீழ தண்ணியா ஒண்ணு. திரிஞ்ச பாலைப் பச்சப் புள்ளைக்குக் குடுக்கவா?" என்றார். தாய்ப்பாலைக் குளிரில் வைத்தால் கொழுப்பு மேலே ஏடாக நிற்கும். கெட்டுப்போனதில்லை; மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். முதல் நாள் அவர் அதை அடுப்பில் வைத்துப் பொங்கவும் விட்டிருக்கிறார். காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்தினால் போதும். இதையெல்லாம் மருமகளிடம்தான் சொல்லியிருந்தேன். பகல் முழுக்கக் குழந்தைக்குக் கொடுக்கப் போகிறவரிடம் சொல்லவில்லை. இது என் இரண்டாவது பிழை.

அவருக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. மீன் வைக்கிற பிரிட்ஜில் தாய்ப்பாலா? கண்டவர்கள் கண் படாதா? தாய்ப்பாலை மிதிபடாத இடத்தில் செடி அடியில் ஊற்ற வேண்டும் என்று வளர்ந்தவர். சாக்கடையில் கொட்டியதில் அவருக்கும் மனசு சரியில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று மேல் தட்டு முழுதும் குழந்தைக்கு என்று ஒதுக்கினோம், டப்பாவைத் துணியால் மூடி வைப்பது என்றும் பேசிக்கொண்டோம். இரண்டுமே என் பாடப் புத்தகத்தில் இல்லாத ஏற்பாடு, இரண்டாலும் கெடுதல் இல்லை.

பேச்சுவாக்கில் கேட்டேன், "நீங்களும் வேலைக்குப் போனவங்கதானேம்மா?"

"போவாம? மூணு புள்ளையும் நடவுல வளந்ததுதான். புங்க மரத்துல தூளியக் கட்டிட்டு எறங்குவோம். ஒரு கெழவி ஆட்டிக்கிட்டு இருக்கும். அழுதுச்சுன்னா வாய்க்கால்ல கையக் கழுவிட்டுக் கரையேறி வந்து பசியாத்திட்டு மறுபடி எறங்குவோம். ஒரு பய ஒண்ணுஞ் சொல்லமாட்டான்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "அது அம்பதடி தூரம்" என்றார் கொஞ்சம் கழித்து. "இவ எங்க, நீடாமங்கலம் கேட்டு எங்க."

நடவு வேலையை நான் உயர்த்திப் பேசவில்லை. குனிந்த முதுகும் பாதிக் கூலியும் அதில் உண்டு. ஆனால் அந்தத் தூரக் கணக்கை அவரே போட்டபோது, "எங்க காலத்துல நாங்க குடுக்கலையா" என்ற பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது. அன்று இரவிலிருந்து குழந்தை மறுபடி அம்மா பக்கத்தில் படுத்தது.

பின்தொடர்ந்து பார்த்தது

எடை: ஜூலை நடுவில் 6.55. ஆகஸ்ட் முதல் வாரம், ஆறு மாதம் முடிந்தபோது 7 கிலோ. குழந்தை வளர்ச்சி அட்டையில் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஆனால் தன் பாதையில் மேலே போய்க்கொண்டிருந்தது.

பவுடர் முழுதாக நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குழந்தைக்கு முந்நூறு மில்லிக்கு மேல் தேவைப்படும். பகலில் எடுத்தது 200, விடியற்காலை எடுத்து வைத்தது 60, 70. குறையை நாளுக்கு ஒரு வேளை பவுடரால் நிரப்பினார்கள், ஆறு மாதம் வரை. மீதியை ராத்திரியில் குழந்தையே ஈடுகட்டிக்கொண்டது. பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு இரவெல்லாம் குடித்தது. அவருக்குத் தூக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தையும் தாயும் தூங்க, வீட்டு வேலையை நாத்தனார் பார்த்தார். "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்" என்ற கட்டத்தில் நான் டிக் போட முடியாத நிகழ்வு இது. பதிவேட்டில் அவர் தோற்றவர் பட்டியலில் இருப்பார். எனக்கு அந்தப் பட்டியல் மேல் மரியாதை குறைந்துபோனது.

ஆறு மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுக் கஞ்சி, மசித்த வாழைப்பழம், பருப்புச் சாதம் என்று வந்ததும் பகல் நேரம் இலகுவானது. பதினொன்றாம் மாதம் பகலில் பீய்ச்சுவதை நிறுத்தினார். காலையும் இரவும் கொடுப்பது ஒன்றரை வயதைத் தாண்டியும் தொடர்ந்தது.

என் படிவத்தில் இப்போது நாலாவது கேள்வி, "வேலைக்கு எப்போது திரும்புகிறீர்கள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" ஏழாம் மாத வகுப்பிலேயே கேட்டுவிடுகிறேன். பகலில் குழந்தையைப் பார்க்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு அதே கிளையில் இன்னொரு பெண் விடுப்பு முடிந்து வந்தார். அவரை இவரே தையல் கடைக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தியதாகச் சொன்னார். திரை போய் இப்போது அங்கே பிளைவுட் கதவும் உள்தாழ்ப்பாளும் இருக்கிறதாம்.

மாமியாரைக் கடைசியாக வலங்கைமான் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு அடுக்கா நிக்கும், பயந்துடாத. குலுக்கக் கூடாது, இப்படிச் சுத்தணும்" என்று வெறும் கையைக் காற்றில் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்துவிட்டது, நான் கூப்பிடவில்லை.